மூன்று விண்டோவிலும் அப்பா

என்னால் ஓர் இடத்தில் நிலையாக உட்கார முடியாது. காலில் சுடுதண்ணீரைக் கொட்டிக்கொண்டவள் என்று என் கணவர் சொல்வார். வாய்த்த வேலையோ நாள் முழுக்க உட்கார்ந்தே செய்வது. டுரியான் துங்காலில் எங்கள் தாமான் குடியிருப்பு வீட்டின் முன்னறையில் மேசை போட்டு, கோலாலம்பூரில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு நிரல் எழுதுகிறேன். பத்து வரி எழுதினால் எழுந்துபோய்த் துணி காய்ந்துவிட்டதா என்று பார்ப்பேன். திரும்பி வந்து ஐந்து வரி அழிப்பேன். பிறகு கேட்டுக்குப் பூட்டுப் போட்டேனா என்று சந்தேகம் வந்துவிடும். எதையும் முக்கால்வாசியில் விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவுகிற புத்தி. அந்தப் புத்திதான் ஒரு திங்கட்கிழமை காலையில் அப்பாவை வாசலில் காக்கவைத்தது.

அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்து மூன்று வருஷம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கிளேபாங் போகும் சாலையில் இருக்கும் ஒரு தரும மையத்துக்குப் போய், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து, இரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் அக்காவும் மாறி மாறிக் கூப்பிட்டாயிற்று. அவர் பால்மரம் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தில் இப்போது முழுக்க எண்ணெய்ச் செம்பனை. அதன் ஓரத்தில் தோட்டத்து ஆட்களுக்கென்று கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். என் வீட்டிலிருந்து காரில் கால்மணி நேரம்தான். கேட்டால், "இங்க எனக்கு என்ன குறைச்சல்லா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அக்கா இருப்பது புக்கிட் ரம்பாயில். தொழிற்சாலை அலுவலகத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு நின்றவள். சும்மா இருக்கப் பிடிக்காமல் அதே மையத்தில் தொண்டராகச் சேர்ந்தாள். நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிவர இரண்டு வேன்கள். யார் ஏறினார்கள், யார் இன்னும் வாசலில் நிற்கிறார்கள், யார் வரவில்லை என்று முன்மேசையில் உட்கார்ந்து கவனிப்பது அவள் வேலை. மையத்தின் இணையப் பக்கத்தில் நாற்காலி வரிசையும் நேரமும் தெரியும். வேன் விவரம் அதில் கிடையாது. அதனால் பக்கத்தில் ஒரு தாள் வைத்து டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத்தான் கம்ப்யூட்டர் கைவந்த கலையாச்சே, எனக்கு ஒண்ணு செஞ்சு குடேன்" என்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பதினைந்து தடவை எழுந்து உட்கார்ந்து, செய்துகொடுத்தேன். பிரவுசரோடு ஒட்டிக்கொண்டு ஓடும் சின்ன எக்ஸ்டென்ஷன். மையத்தின் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு வட்டம் வரும். மஞ்சள் என்றால் காத்திருக்கிறார். பச்சை என்றால் வேனில் ஏறியாயிற்று. சிவப்பு என்றால் இன்றைக்கு வரவில்லை. அக்கா கையைத் தட்டிச் சிரித்தாள். அப்பாவிடமும் காட்டினாள். தன் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் வட்டத்தைப் பார்த்துவிட்டு, "சின்னவ செஞ்சதா?" என்று இரண்டு முறை கேட்டாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்காவின் வழக்கம் ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. அவள் பாதைக்கு ஒரு விண்டோ திறப்பாள். கிளேபாங் பக்கத்துக்கு ஒன்று, புக்கிட் ரம்பாய்க்கு ஒன்று, டுரியான் துங்கால் தோட்டங்களுக்கு ஒன்று. மூன்றிலும் இருப்பது அதே பக்கம்தான். ஆனால் ஒவ்வொன்றையும் அந்தந்த ஊர் ஆட்கள் வரும் இடத்தில் நிறுத்தி, இரண்டு திரைகளில் பரப்பி வைத்திருப்பாள். திறந்ததை மூடவும் மாட்டாள். வெள்ளிக்கிழமை திறந்த விண்டோ சனி, ஞாயிறு முழுக்க அப்படியே கிடக்கும். நான் வீட்டில் ஒரே ஒரு விண்டோவைத் திறந்து சோதித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டேன்.

கொஞ்ச நாளில் அக்கா போன் செய்தாள். "ஏய், ஒரு விண்டோல டிக் பண்ணினா இன்னொண்ணுல வரமாட்டேங்குதுடி. இதுல பச்சை, அதுல மஞ்சள். எதை நம்பறது?"

எனக்குக் காரணம் உடனே தெரிந்தது. ஒவ்வொரு விண்டோவும் திறக்கும்போது பட்டியலை எடுத்துத் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது. பிறகு பக்கத்து விண்டோவில் என்ன நடக்கிறது என்று அது எட்டிப் பார்ப்பதில்லை. திருத்த ஒரு நாள் வேலை. அந்த நேரத்தில் அடுப்பில் குழம்பு, கையில் அலுவலக வேலை, மனம் வேறு எங்கேயோ. "சந்தேகம் வந்தா ரெஃப்ரெஷ் பண்ணுக்கா. சரியாயிடும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

அப்பாவிடமும் ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகு காலம். அந்த நேரத்தில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார். எட்டரைக்கு நாற்காலியில் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? ஏழே காலுக்கெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, வெளியே ரம்புத்தான் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். கேட்டைத் தாண்டியாயிற்று, அப்படியானால் கிளம்பியாயிற்று. வேன் எப்போது வந்தாலும் சரி. ஆனால் கிளம்பியவர் திரும்ப உள்ளே போகக் கூடாது. போனால் கிளம்பியது கெட்டுவிடும்.

நானும் அக்காவும் இதைக் கேலி செய்ததில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிய நாளில், கேட்டைத் தாண்டிய பிறகு அடுப்பை அணைத்தோமா என்று அம்மா திரும்பி உள்ளே போனாள். அணைத்துத்தான் இருந்தது. அன்றைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அதன் பிறகு அப்பா எதை மறந்தாலும் திரும்பி உள்ளே போனதில்லை.

அந்தத் திங்கட்கிழமை டுரியான் துங்கால் வேனின் வழக்கமான டிரைவர் லீவு. புதிதாக ஒருவர் வந்திருந்தார். அவருக்குச் சிரமமாக இருக்குமே என்று, தோட்டத்து ஆட்களில் சிலரை, கிளேபாங்கையும் சேர்த்துப் பார்க்கும் புக்கிட் ரம்பாய் வேனே ஏற்றிக்கொள்ளட்டும் என்று அக்கா ஏற்பாடு செய்திருந்தாள். இரண்டு டிரைவர்களும் மாறி மாறிப் போன் செய்ய, அவள் மாறி மாறி வட்டங்களை அழுத்திக்கொண்டிருந்தாள்.

நடந்ததைப் பிறகு நான் வரி வரியாகப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புது டிரைவர் என்று அன்று காலை தோட்டத்து விண்டோவை மட்டும் அவள் மூடிப் புதிதாகத் திறந்தாள். புது நாள் என்று பட்டியல் மஞ்சளுக்கு மாறியது. அதுவரை சரி. கிளேபாங் விண்டோ வெள்ளிக்கிழமையிலிருந்து மூடாமல் கிடந்தது. அதனிடம் இருந்தது வெள்ளிக்கிழமைப் பிரதி. அதில் அப்பா உட்பட எல்லாரும் பச்சை. கிளேபாங்கில் ஒருவர் ஏறினார் என்று அதில் ஒரு வட்டத்தை அழுத்தினாள். என் நிரல் அந்த ஒருவரை மட்டும் எழுதியிருக்க வேண்டும். அது தன்னிடமிருந்த வெள்ளிக்கிழமைப் பட்டியலை முழுசாகத் தூக்கித் திங்கட்கிழமையின் மேல் எழுதிவிட்டது. தேதியைத் தனியாக இன்னோர் இடத்தில் வைத்திருந்தேன். தேதி இன்றைக்கு, பட்டியல் வெள்ளிக்கு. கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்த நிமிஷம் வரைக்கும் தோட்டத்து விண்டோவில் அப்பா மஞ்சளாகத்தான் இருந்தார். பக்கத்து விண்டோவில் பச்சை. அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் சொல்லியிருந்தேனே. ரெஃப்ரெஷ் செய்தாள். மூன்று விண்டோவையும் செய்தாள். மூன்றிலும் அப்பா பச்சை.

"அடுத்து யாருக்கா?" என்று புது டிரைவர் கேட்டார்.

"எல்லாரும் ஏறியாச்சு. நீங்க வந்துருங்க" என்றாள் அக்கா. அப்பாவை மற்ற வேன் ஏற்றிக்கொண்டது என்று நினைத்தாள். இருந்தாலும் மனசு கேட்காமல் அப்பாவின் கைப்பேசிக்கு ஒரு முறை அடித்தாள். அவர் எடுக்கவில்லை. வேனில் ஏறிவிட்டார், போனை வழக்கம்போல வீட்டில் வைத்துவிட்டார் என்று முடிவு செய்தாள். பாதி சரி. போன் வீட்டில்தான் இருந்தது.

எட்டு ஐம்பதுக்கு நர்ஸ் அவளிடம் வந்து, "கக், பாக்சிக் பெலும் சம்பாய் லா" என்று மலாயில் சொன்னாளாம். அப்பா இன்னும் வந்து சேரவில்லை, நாற்காலி காலி. அக்கா உடனே எனக்குப் போன் செய்தாள். "அப்பா எங்கடி? ஏறிட்டாருன்னு காட்டுது. ஆனா ரெண்டு வேன்லயும் இல்ல."

அடுத்து நான் செய்ததை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

கார் சாவி எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அப்பா வீடு கால்மணி தூரம். நான் எழுந்திருக்கவில்லை. "பச்சையா காட்டுதுன்னா நீதான் அழுத்தியிருக்க. தானா எப்படி மாறும்?" என்று கேட்டேன். திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். எந்த விண்டோவை முதலில் தொட்டாய், எப்போது தொட்டாய் என்று போலீஸ் மாதிரி விசாரித்தேன். "இத்தனை விண்டோ யாரு திறக்கச் சொன்னா?" என்று கத்தினேன். அவள் அழுதுகொண்டே பதில் சொன்னாள். நடுநடுவே நான் அப்பாவுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு, தப்பு என்னுடையதாக இருக்க முடியாது என்பதற்கு ஆதாரம் தேடினேன். ஓர் இடத்தில் பத்து நிமிஷம் உட்கார முடியாத நான், அன்றைக்கு நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரி கண்ணில் பட்டது. முழுப் பட்டியலையும் எழுதும் வரி. அப்போதுதான் போனை வைத்துவிட்டு எழுந்தேன்.

போகும் வழியெல்லாம் நாட்களை எண்ணிக்கொண்டே ஓட்டினேன். வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரை இரண்டு நாள் இடைவெளி. உடம்பில் நீர் ஏறியிருக்கும். வாரத்திலேயே அவரைக் காக்கவைக்கக் கூடாத நாள் அதுதான். செம்பனைச் சாலையில் லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. ஹார்னை அடித்து, திட்டி, அழுது, கடைசியில் போய்ச் சேர்ந்தேன்.

அப்பா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நிழல் நகர்ந்துபோய் முகத்தில் வெயில். மடியில் துண்டும் பிஸ்கட்டும் வைத்த பை. செருப்பு வார் காலில் பதிந்து, பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு வாயால் வாங்கினார். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். வரிசையில் ஒரு கதவுகூடத் திறந்திருக்கவில்லை. பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா.

"போன் அடிக்குதே, கேக்கலையாப்பா?"

"கேட்டுச்சு பாப்பா. காலைலேந்து அடிக்குது. யாரோ அவசரமாக் கூப்பிடறாங்கன்னு தெரிஞ்சுது." மூச்சு வாங்க நிறுத்தினார். "வெளிய வந்துட்டேன்லா. எப்படி உள்ள போறது?"

"வேன் வரலன்னா யாரையாவது..."

"ஒரு வேன் அந்த முக்குல போச்சு. கையக் காட்டுனேன், நிக்கல. சரி, லிஸ்ட் பாத்துத்தான் போவாங்க, திரும்பி வரும்னு இருந்தேன். நீ செஞ்ச லிஸ்ட்டாச்சே."

அவரைக் காரில் ஏற்றியபோது கை அத்தனை கனமாக இருந்தது.

நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆக்சிஜன் வைத்துக் காத்திருந்து, ஒருவழியாக மதியத்துக்குள் இடம் கிடைத்தது. அப்பா தப்பித்தார். அன்று சாயங்காலம் மையத்தின் தலைவர் முன்மேசைக்கு வந்தார். நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. "சொந்த அப்பாவையே விட்டுட்டீங்கன்னா, மத்தவங்க எங்களை என்ன நம்புவாங்க? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கம்மா" என்றார். அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நான்தான் சரியாப் பாக்கல" என்றாள். தன் தண்ணீர்ப் போத்தலையும் குடையையும் எடுத்துக்கொண்டாள்.

நான் அங்கேதான் நின்றேன். இப்போது வேண்டாம், முதலில் நிரலைச் சரிசெய்துவிட்டு, ஆதாரத்தோடு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சரிசெய்தேன். அலுவலகத்துக்கு லீவு போட்டு மூன்று நாள். இனி எந்த விண்டோவும் தனக்கென்று பிரதி வைத்துக்கொள்ளாது. பட்டியல் ஒரே இடத்தில் இருக்கும். வட்டத்தை அழுத்தினால், இவர் ஏறினார் என்ற ஒரு சேதி மட்டும் அங்கே போகும். சேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்படும். எழுதியதும் திறந்திருக்கும் எல்லா விண்டோவுக்கும் தகவல் போகும், எல்லாவற்றிலும் வட்டம் ஒன்றாக நிறம் மாறும். எக்ஸ்டென்ஷனின் பின்னணிப் பகுதியைப் பிரவுசர் அடிக்கடி தூங்கவைத்துவிடும். எழும்போது அதற்கு எதுவும் நினைவிருக்காது. ஆகவே அதன் நினைவையும் நம்பாமல், எழுந்தவுடன் பட்டியலைப் படிக்கவைத்தேன். ஒவ்வொரு வட்டத்தோடும் அதன் நாளைச் சேர்த்து வைத்தேன். நேற்றைய விண்டோ இன்றைக்கு எதையும் எழுத முடியாது. ஏழு விண்டோ திறந்துவைத்து, கண்டபடி அழுத்தி, தூங்கவைத்து எழுப்பிச் சோதித்தேன். ஏழும் ஒன்றையே சொன்னன.

நான்தான் ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவிடம், வேனில் ஏதோ குளறுபடி. அக்காவிடம், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தலைவரிடம், புது வடிவம் போட்டிருக்கிறேன், முன்னைவிட வேகம். அவர் நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டால் இறங்கவில்லை. துணியை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். அக்காவுக்குப் போன் செய்யக் கைப்பேசியை எடுத்துவிட்டு, மழை வருகிறதா என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். இப்படியே இரண்டு வாரம்.

மூன்றாவது திங்கட்கிழமை என் நிரலை நானே நம்பாமல் அப்பா வீட்டுக்குப் போனேன். ஏழு இருபது. அப்பா வெளியே வந்தாயிற்று. எனக்கும் ஒரு நாற்காலி வெளியிலேயே கிடந்தது. உட்கார்ந்தேன். ஏழரைக்கு வீட்டுக்குள் போன் அடித்தது. நான் துள்ளி எழுந்தேன்.

"உக்காரு. உங்க அக்காதான்" என்றார் அப்பா.

"எடுக்கமாட்டீங்கன்னு தெரிஞ்சுமா அடிக்கறா?"

"போன திங்களும் அடிச்சா. நான் எடுக்கலன்னா கேட்டத் தாண்டிட்டேன்னு அவளுக்குக் கணக்கு. வேன் ஏறிட்டேன்னு இப்பல்லாம் நினைக்கறதில்லையாம். எட்டரைக்கு நர்ஸுக்கு அடிச்சு, நாற்காலில உக்காந்துட்டாரான்னு கேட்டுக்கறா." பையைச் சரிசெய்துகொண்டார். "வேலைய விட்டு நிறுத்துனாலும் அவ விடலைலா."

உள்ளே மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "அப்பா, அன்னிக்குத் தப்பு அக்காவோடது இல்ல. என்னோடது. அவ முன்னாடியே சொன்னா. நான் திருத்தல. நான் சொன்னபடி அவ செஞ்சதாலதான் நீங்க பச்சையாயிட்டீங்க" என்றேன்.

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபம் இல்லை. புரியாத ஒன்றைக் கேட்பவர்போல நிதானமாகக் கேட்டார்.

"அப்ப அவளை ஏன் அழவிட்ட?"

உள்ளே போன் நின்றது. என் கைப்பேசியில் அக்காவை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா, நான் அப்பா வாசல்லதான் இருக்கேன். அன்னிக்கு..."

"வேன் வந்துருச்சா?"

"இன்னும் இல்ல. அக்கா, அன்னிக்கு நடந்தது என்..."

"தெரியும்டி" என்றாள். "நீ நாப்பது நிமிஷம் கேள்வி கேட்டுட்டு, கடைசில ஒண்ணும் பேசாம வச்ச பாரு, அப்பவே தெரியும். அப்பா முகத்துல வெயில் படுதா?"

பட்டது. நான் எழுந்து அவருடைய நாற்காலியை நிழலுக்கு இழுத்தேன். வேன் முக்கில் திரும்பியது. அப்பாவை ஏற்றிவிட்டு, காரில் அதன் பின்னாலேயே மையத்துக்குப் போனேன், தலைவர் வரும் வரை முன்மேசைக்கு எதிரில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.